கலிஃபோர்னியாவின் பழைய வாக்காளர் பதிவேடுகள்: ஆன்செஸ்ட்ரி, ஃபேமிலிசர்ச் இரண்டிலும் தேடிப் பார்த்தால்

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் சென்சஸைத்தான் திறப்பார்கள். அமெரிக்க சென்சஸ் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. அதிலும் 1890-ல் எடுத்தது 1921 வாஷிங்டன் தீவிபத்தோடு அநேகமாக முழுக்கப் போய்விட்டது. ஆக 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது ஆண்டு வெறும் இருட்டு. குடும்பம் கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் அந்த இருட்டில் கைகொடுப்பது 'கிரேட் ரெஜிஸ்டர்' என்ற வாக்காளர் பதிவேடு. 1866-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) இதைத் தொகுத்தது; பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அச்சிட்டது.

இணையத்தில் இவை கிடைக்கும் முக்கியமான குடும்ப வரலாற்றுத் தளங்கள் இரண்டு. ஃபேமிலிசர்ச்சில் இலவசம், கணக்கு மட்டும் தொடங்கினால் போதும். ஆன்செஸ்ட்ரி சந்தா கேட்கும். 1866–1898-க்கு ஒரு தொகுப்பும், 1900–1968-க்கு இன்னொன்றும் வைத்திருக்கிறது. பல பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரியைக் காசில்லாமல் பார்க்கலாம், சந்தா கட்டும் முன் விசாரித்துவிடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு மட்டும் வேண்டுமென்றால் ஃபேமிலிசர்ச்சில் தொடங்குங்கள். 1900-க்குப் பிந்தைய பெரும்பாலான ஆண்டுகளுக்கு ஆன்செஸ்ட்ரிக்குத்தான் போக வேண்டும்.

பழைய பதிவேட்டின் ஒரு வரியில் பெயர், வயது, பிறந்த நாடு அல்லது மாநிலம், தொழில், வசிப்பிடம், பதிவு செய்த தேதி எல்லாம் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவராக இருந்தால் குடியுரிமை பெற்ற தேதியும், ஊரும், நீதிமன்றமும் சேர்ந்துவரும். இந்த நீதிமன்றப் பெயர்தான் பொக்கிஷம். 1906 வரை குடியுரிமை வழங்கும் அதிகாரம் எத்தனையோ நீதிமன்றங்களுக்கு இருந்தது. எந்தக் கட்டடத்தில் குடியுரிமைத் தாளைத் தேடுவது என்று வேறு ஆவணம் எளிதில் சொல்லாது. அந்த இடத்தில் 'தந்தை வழியாக' என்று குறித்திருந்தால், மகன் பெயரில் கோப்பு தேடி நாளைக் கழிக்காதீர்கள், தந்தையின் கோப்பைத் தேடுங்கள்.

1890-களின் பதிவேடுகளில் அங்க அடையாளமும் உண்டு. உயரம் 5 அடி 8 அங்குலம், மாநிறம், நீலக் கண், பழுப்பு முடி, இடது கட்டைவிரலில் தழும்பு என்கிற மாதிரி. புகைப்படமே மிஞ்சாத ஒரு கொள்ளுத்தாத்தாவின் தழும்பை அச்செழுத்தில் பார்ப்பது சாதாரண விஷயமல்ல.

இனி, ஏமாறும் இடங்கள். வயது முதலாவது. முந்தைய பதிவேட்டின் வரியை அப்படியே நகலெடுத்த ஆண்டுகள் உண்டு. 1867-ல் 30 வயது என்று பதிந்தவர் 1872 பதிப்பிலும் 30 என்றே நிற்பார். பதிவேட்டின் ஆண்டிலிருந்து கழித்தால் பிறந்த ஆண்டு ஐந்து ஆண்டு தள்ளிப்போகும். பதிவு செய்த தேதி என்ற பத்தியைப் பார்த்து அதிலிருந்து கழியுங்கள்.

பெயர் இல்லை என்பதற்கும் பல காரணங்கள். கலிஃபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை 1911-ல்தான் வந்தது. சீனாவில் பிறந்தவர்கள் 1943 வரை குடியுரிமை பெறவே முடியவில்லை. அயல்நாட்டவரை மணந்த பெண் 1907 சட்டத்தால் தன் குடியுரிமையையே இழந்தாள். கலிஃபோர்னியாவில் பிறந்த எதெல் மெக்கென்சி பிரிட்டிஷ் குடிமகனை மணந்தவர்; வாக்காளராகப் பதிய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, 1915-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரியென்றது. எனவே கணவன் பெயர் இருந்து மனைவி பெயர் இல்லையென்றால் அவள் இறந்துவிட்டாள் என்று எழுதிவிடாதீர்கள். ஆணின் பெயர் மறைவதும் மரணத்துக்குச் சாட்சி ஆகாது: இடம் மாறியிருக்கலாம், பதியாமல் விட்டிருக்கலாம்.

1900–1968 தொகுப்பில் விவரம் மெலிந்துவிடும். பெயர், முகவரி, தொழில், கட்சி, அவ்வளவுதான். கட்சிப் பத்தியில் டி.எஸ். என்று இருந்தால் கட்சியைச் சொல்ல விரும்பவில்லை என்று பொருள். வயது இல்லாவிட்டாலும் ஒரு கணக்கு உதவும்: அப்போது வாக்களிக்கும் வயது 21. அதே முகவரியில் புதிதாக ஓர் இளையவர் பெயர் முளைக்கும் ஆண்டைக் கொண்டு அவர் எந்த ஆண்டுக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று வரம்பு கட்டலாம்.

இந்தத் தொகுப்பின் பெரிய குறை தேடுபெட்டி. மங்கலான தட்டச்சுப் பக்கங்களை எந்திரம் படித்து உருவாக்கிய அட்டவணை அது; எழுத்து மாறும், இரண்டு வரி ஒன்றாகும், தொழில் போய்ப் பெயரில் ஒட்டிக்கொள்ளும். முழுப்பெயர் கொடுத்துக் கிடைக்காவிட்டால் குடும்பப்பெயரை மட்டும் கொடுங்கள், பிறகு முதலெழுத்துகளோடு. சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துக்கு நட்சத்திரக்குறி போடலாம். குறிகள் போக மூன்று எழுத்தாவது மிஞ்ச வேண்டும். மணமான பெண்ணைக் கணவர் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள்.

அதற்கும் அகப்படாவிட்டால் தேடுபெட்டியை மூடிவிடுங்கள். கவுண்டி, ஆண்டு, பிறகு பிரீசிங்ட் எனப்படும் வாக்குப்பகுதி என்று இறங்கிப் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சென்சஸிலிருந்து தெரு முகவரி கையில் இருந்தால், அந்தத் தெரு வரும் வாக்குப்பகுதியை ஒருமுறை கண்டுபிடித்தாலே போதும். உள்ளே பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால் சில பக்கங்களில் ஆள் அகப்படுவார். வாக்குப்பகுதி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், போன பதிவேட்டின் எண்ணை நம்பி அடுத்ததில் நுழையாதீர்கள். கிடைத்த பக்கத்தைச் சேமிக்கும்போது கவுண்டி, ஆண்டு, வாக்குப்பகுதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள்.

மதிப்பெண் கேட்டால் பக்கப் படங்களுக்கு ஐந்துக்கு ஐந்து, எந்திர அட்டவணைக்கு ஐந்துக்கு இரண்டு. சந்தா கட்டுவதானால் படங்களுக்காகக் கட்டுங்கள்.