லைன் ஆஃப் டியூட்டி: ஆறாவது சீசனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

போன வாரம் வேலையிடத்தில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, லைன் ஆஃப் டியூட்டி நல்லா இருக்காமே, ஆரம்பிக்கட்டுமா?" பதில் சொல்லத் தொடங்கினேன், சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விட்டது. அத்தனை ஆற்றாமை எனக்கு. இனி யாரும் என்னைப் போல ஏமாற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன். தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2012ல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர். தப்புச் செய்யும் போலீஸ்காரர்களைப் பிடிக்க ஏசி-12 என்றொரு பிரிவு, அதில் ஹேஸ்டிங்ஸ், ஸ்டீவ், கேட் என்று மூன்று பேர். கண்ணாடி அறைக்குள் விசாரணை தொடங்கும்போது ரெக்கார்டர் நீளமாக ஒரு பீப் சத்தம் போடும். அதற்குப் பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான் காட்சி, ஆனால் நம்மால் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போக முடியாது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்கள்.

என் அப்பா சிங்கப்பூர் போலீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். 2020ல் கொரோனாவுக்காக சர்க்கிட் பிரேக்கர் என்று எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோது அவர் ஈசூனில், நான் ஜூரோங்கில். போய்ப் பார்க்க முடியாது. தினமும் இரவு போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் பிளே அழுத்துவோம். முதல் ஐந்து சீசன், மொத்தம் 29 எபிசோடு, அப்படித்தான் பார்த்து முடித்தோம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு ஒன்றை அப்பா பக்கத்தில் வைத்திருப்பார். சந்தேகப்படும் ஆட்களின் பெயரையெல்லாம் அதில் எழுதுவார். "நிறுத்தும்மா, அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை காட்டு" என்பார். அவர் திரையில் ஓடுவது வேறு, என் திரையில் ஓடுவது வேறு என்பதே அவருக்கு மறந்துபோகும்.

அப்படிப் பார்க்க வைத்ததே அந்தத் தொடர்தான். மூன்றாவது சீசனின் கடைசியில் டாட் என்ற கெட்ட போலீஸ்காரன் சாகும்போது, போலீஸுக்குள் ஒளிந்திருக்கும் ஊழல் தலைவன் யார் என்பதற்கு அடையாளமாக 'எச்' என்ற எழுத்தைக் காட்டிவிட்டுப் போகிறான். ஐந்தாவது சீசனில், அவன் விரல் தட்டியதை மோர்ஸ் குறியீடாகப் படிக்கிறார்கள். அதில் 'எச்' என்றால் நான்கு புள்ளி. ஆக, ஒருவர் இல்லை, நான்கு பேர். மூன்று பேர் தெரிந்துவிட்டது, நான்காவது ஆள் யார்? 'டெஃபினிட்லி' என்ற சொல்லில் 'ஐ' வரவேண்டிய இடத்தில் அந்த ஆள் 'ஏ' போடும் எழுத்துப்பிழைகூட ஒரு தடயம். ஓர் எழுத்தைக்கூடத் தவறவிடாதே என்று வருஷக்கணக்காக நமக்குப் பழக்கியவர்கள் அவர்கள்.

ஆறாவது சீசனின் கடைசி எபிசோடு 2021 மே 2ல் பிரிட்டனில் வந்தது. சராசரியாக 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். நாங்கள் பார்க்கும் வரை செய்திப் பக்கமே போகாமல் இருந்தேன். அப்பா வீட்டில்தான் பார்த்தோம். கண்ணாடி அறைக்குள் அந்த நான்காவது ஆளை அழைத்து வருகிறார்கள். கதவு திறக்கிறது. பக்கிள்ஸ்! முதல் சீசனிலிருந்தே வந்துபோகும், கோப்பைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாத அதிகாரி. அப்பா எதுவும் பேசாமல் 555 நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "பக்கிள்ஸ் – மக்கு. விட்டுவிடலாம்" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அடித்து வேறு விட்டிருந்தார்.

ஊழல் செய்கிறவன் பெரிய மூளைக்காரனாக இருக்க வேண்டியதில்லை, பேராசைக்கார மக்காகவும் இருக்கலாம், அதுதான் நிஜம் என்று இந்த முடிவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உண்டு. அப்பாவும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒன்று சொன்னார். 1951ல் இங்கே 1,800 பவுண்டு எடையுள்ள அபின் கொள்ளை போனது, அதில் துப்பறியும் போலீஸ்காரர்களே மாட்டினார்கள். போலீஸை போலீஸே விசாரித்தால் சரிவராது என்று 1952ல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தனியாக அமைத்தார்கள். "பிடிபட்டவன் சின்ன ஆளா பெரிய ஆளா என்பது கேள்வி இல்லைம்மா. பிடிச்ச பிறகு என்ன ஆச்சு?" என்றார்.

அதைத்தான் காட்டவில்லை. மூன்று பேரும் லிஃப்டுக்குள் போகிறார்கள். ஏசி-12இன் அதிகாரம் இதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று திரையில் எழுத்து வருகிறது. அவ்வளவுதான். மேலே உட்கார்ந்திருக்கும் போலீஸ் தலைவர் ஆஸ்போர்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. தர்வெல் என்று ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரியைப் பற்றிப் பெரிதாகப் பேசி, அவராகப் பிரபல நடிகர் ஒருவரின் புகைப்படத்தையும் காட்டினார்கள். அவர் புகைப்படமாகவே இருந்து, ஸ்பெயினில் பிணமாகக் கிடைத்ததோடு சரி. இதற்காகவா எழுத்துப்பிழை வரைக்கும் குறித்து வைத்தோம்?

அந்தத் தங்கையிடம் மூன்றாவது சீசனோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். கேட் துரத்திப் போகும் அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தால் மனசு நிறைந்திருக்கும். மீறிப் போனால் ஐந்து வரை. ஆறாவதைப் பார்க்க நான் கூடுதல் சந்தா ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குறைந்தது 12 மாதம் கட்ட வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால் அதை முதலில் கேளுங்கள். பக்கிள்ஸ் முகத்தைப் பார்த்த பிறகு நான் பத்து மாதம் கட்டினேன்.