கார் நல்ல கார்தான், பிரேக்கை மிதித்தால்தான் கோபம் வருகிறது

என்னிடம் இருக்கும் அதே மாடலைப் பழைய வண்டியாக வாங்கலாமா என்று மச்சான் கேட்டிருந்தார். மைலேஜ், ஏசி, டிக்கி அளவெல்லாம் அவருக்கே தெரியும். எஞ்சின் இதுவரை மக்கர் செய்ததில்லை. அதனால் நேராக பிரேக்குக்கு வருகிறேன்.

80-ல் போகும்போது பிரேக்கை மெதுவாக அழுத்தினால், பெடல் பாதத்தை டக்டக்கென்று உதைக்கும். வேகம் குறையக் குறைய உதையும் நிதானமாகும். கூடவே ஸ்டீயரிங்கும் ஆடும். சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தரும் அதிர்வு வேறு. இது சிக்னலில் சாதாரணமாக நிறுத்தும்போதே வரும்.

"டிஸ்க் பெண்டு சார்" என்றார்கள் சர்வீஸ் சென்டரில். டிஸ்க் என்றால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு. மாற்றினோம். கொஞ்ச மாதம் சுகமாக ஓடியது, அப்புறம் மறுபடி உதை. லேத்தில் கொடுத்துச் சீவியும் பார்த்தாயிற்று, அதே கதை.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக்தான் டயல் கேஜ் (நூலிழை ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவுக்கருவி) வைத்து டிஸ்க்கைச் சுற்றிக் காட்டினார். முள் ஆடியது. கழற்றினால், டிஸ்க்கைத் தாங்கும் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) அப்பளம் மாதிரி துருச் செதில்! அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள். அங்கே டிஸ்க் துளி சாய்ந்தாலும் அதன் விளிம்பு ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டை) அதே இடத்தில் உரசி, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே போதும், தடித்த பக்கம் வரும்போதெல்லாம் பேடைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் பின்னுக்குப் போய், பிரேக் ஆயில் வழியாகப் பெடலில் உதை விழும். இப்படித் தேயக் கொஞ்ச மாதம் ஆகும்; புது டிஸ்க் சில மாதம் சமத்தாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

ஹப்பை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, காலிபர் நகரும் கம்பிகளுக்கு கிரீஸ் போட்டு, வேறு டிஸ்க்கும் பேடும் மாட்டி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) எதிரெதிராக முடுக்கினார். அதோடு நின்றது. இப்போது என் சண்டையெல்லாம் பஞ்சர் கடையில்தான். ஏர் கன்னால் ஒரு நட்டை இறுக்கி இன்னொன்றை லேசாக விட்டால் டிஸ்க் மறுபடி கோணும். கையால் முடுக்கச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் இரண்டாம் கியரில்தான் இறக்குகிறேன். டிஸ்க் கொதிக்கும்போது பெடலை அழுத்திக்கொண்டே நிற்கவும் கூடாது; பேடின் உரசும் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதுவே உதைக்கும்.

நியாயமாகப் பார்த்தால் இதில் காரின் குற்றம் பாதிகூட இல்லை. என்னுடையதை விற்கவும் மாட்டேன். ஆனாலும் மச்சான், நீங்கள் வாங்காதீர்கள்! உங்களுக்கு இருக்கிற பொறுமைக்கு இது ஒத்துவராது.

வாங்கியே தீருவேன் என்றால், காலி ரோட்டில் 80-லிருந்து மெதுவாக மிதித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் ஆடாமல் சீட்டில் மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரத்து டிரம் பிரேக்கைச் சந்தேகப்படுங்கள். வண்டி ஊர்ந்து போகும்போது ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கும் ஆடினால், இரண்டு டிஸ்க்குக்கும் பேடுக்கும் உண்டான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.