விலங்குச் சிற்பம் பழக எந்தக் களிமண்? சாவன்ட் என்எஸ்பி மீடியம் பற்றி

அமெரிக்காவின் சாவன்ட் நிறுவனத்தின் என்எஸ்பி, கந்தகம் கலக்காத எண்ணெய்க் களிமண். சுமார் 900 கிராம் கட்டிகளாக வருகிறது. சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று மூன்று பதம் உண்டு. காட்டு விலங்குகளைச் செய்யப் பழகுகிறவருக்கு மீடியத்தைத்தான் பரிந்துரைப்போம். அறை வெப்பத்தில் விரலால் அழுத்தினால் லேசாகத்தான் பதியும். வாங்கியவுடன் பலரும் குறை சொல்வது இந்த இறுக்கத்தைத்தான். ஆனால் இதன் பெரிய பலமும் அதுவே.

புதிதாக வருகிறவர்களின் கை முதலில் போவது ரோமத்துக்கும் கண்ணுக்கும். உடல் அமைப்பு தப்பாக இருந்தால் எத்தனை ரோமம் கீறினாலும் புலி பொம்மையாகத்தான் தெரியும். சூடாக்கி இளக்கி அப்பும் இந்த மண், குளிர்ந்த பிறகுதான் நுணுக்கமான கீறலைத் தாங்கும். அதனால் உடலின் திரட்சியைச் சரிசெய்யும் வேலை தானாகவே முன்னால் வந்துவிடுகிறது. காயாது, வெடிக்காது என்பதால் தோள்பட்டை தப்பென்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தாலும் வெட்டி எடுத்துத் திரும்ப வைக்கலாம்.

அந்தத் தோள்பட்டையில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். புலியின் தோள் எலும்பு மூட்டு வழியாக மார்புக்கூட்டோடு இணைவதில்லை, தசைகளே தாங்குகின்றன. அதனால் பதுங்கி நடக்கும்போது எடை விழும் பக்கத்துத் தோள் எலும்பு முதுகுக் கோட்டுக்கு மேலே புடைக்கும், மறுபக்கம் இறங்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் நடை செத்துப்போகும். பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் அல்ல, குதிகால். இதையெல்லாம் படத்தை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிற்பி பாரி, பாரிஸ் விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ள விலங்குகளை வரைந்ததோடு, செத்தவற்றை அளந்தும் படித்தார். இன்றைக்கும் எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குவதே நேர்வழி.

உடல் 30 செ.மீ. நீளமுள்ள நிற்கும் புலிக்கு இரண்டு கட்டிகள் போதும். பலகையில் திருகிய இரும்புக் குழாய் வயிற்றைத் தாங்க வேண்டும். நான்கு கால் கம்பிகளை மட்டும் நம்பினால் மண்ணின் எடையில் உருவம் மெல்ல முன்பக்கம் சாயும். கால்களுக்கு 3 மி.மீ. அலுமினியக் கம்பி, அதன்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றாவிட்டால் மண் வழுக்கிச் சுழலும். வயிற்றையும் மார்பையும் அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கி நிரப்புங்கள். தளர்வாகக் கசக்கினால் பிறகு அழுத்தும்போதெல்லாம் உள்ளே அமுங்கும்.

மண்ணை மெல்லிய துண்டுகளாகச் சீவி, மூடிய பெட்டியில் 60 வாட் குண்டு பல்பின் சூட்டில், பல்பைத் தொடாமல் வைத்தால் பக்குவமாக இளகும். மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம். வெளியே கெட்டியாகத் தெரியும்போதே நடுவில் உருகியிருக்கும். கையில் பட்டால் மண்ணிலுள்ள மெழுகு ஒட்டிக்கொண்டு சுடும்.

யானைத்தோல் சுருக்கங்களுக்கு ஒரு வழி: மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து, அதன் மீது கருவியால் கோடு அழுத்துங்கள். ஓரங்கள் உருண்டு, தோல் மடிப்பாகவே விழும். தாள் இல்லாமல் கீறினால் வெறும் வெட்டுக்கோடுதான். ரோமம் கீறியபின் ஒட்டும் துகள்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் லேசாகத் தள்ளலாம்; அதிகம் நனைத்தால் கோடுகள் மழுங்கும். காற்றோட்டம் அவசியம், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கந்தகம் இல்லாததன் பலன் அச்சு எடுக்கும்போதுதான் தெரியும். அச்சுக்கு ஊற்றும் பிளாட்டினம் வகை சிலிக்கோன் ரப்பர், கந்தகத்தைத் தொட்ட இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். முகத்தின் நுணுக்கமெல்லாம் போய்விடும். மண் சரியாக இருந்தும் இப்படி நேர்ந்தால் லேடெக்ஸ் கையுறையையோ கந்தகக் களிமண் ஒட்டிய பழைய கருவியையோ சந்தேகியுங்கள். வினைல் கையுறை பொதுவாகப் பாதுகாப்பானது.

மீடியம் எல்லாவற்றுக்கும் சரிவராது. இத்தாலியச் சிற்பி ரெம்பிராண்ட் புகாட்டி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் விலங்குக் காட்சிசாலையில் செய்ததுபோல, அசையும் விலங்கின் எதிரிலேயே விறுவிறுவென்று உருவம் பிடிக்க சாஃப்ட்தான் கைக்கு ஓடும். பிரெஞ்சுச் சிற்பி பொம்போனின் வெள்ளைக் கரடி போல ரோமமே இல்லாத வழவழப்பான பரப்பு வேண்டுமென்றால் ஹார்டு; இரும்புத் தகட்டால் சீவச் சீவப் பளிங்காக வரும். மீடியத்தில் அந்த வழவழப்புக்கு இரட்டிப்பு உழைப்பு தேவை.

சூளைக்கு இது ஆகாது, உருகி ஓடிவிடும். வெண்கலத்திலோ ரெசினிலோ வார்க்க அச்சு எடுத்தே ஆக வேண்டும். அச்சு எடுத்தபின் சிலிக்கோன் துணுக்கும் பிளாஸ்டர் தூளும் படிந்த மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம்.