நாற்பது நிமிட விளையாட்டுக்கு ஒன்பது மணி நேர பி.டி. டிரஸ்

போன ஜூன் மாதம் வாங்கியது. காலர் வைத்த டி-ஷர்ட் 420 ரூபாய், வெள்ளை டிராக் பேன்ட் 500 ரூபாய், ஆக செட் 920. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு செட் என்று 1,840 ரூபாயைக் கட்டிவிட்டு, பள்ளி ஆபீஸ் ஜன்னலில் இரண்டு பிளாஸ்டிக் கவரை வாங்கிக்கொண்டு வந்தேன். பாப்பா மூன்றாம் வகுப்பு, ரெட் ஹவுஸ். தம்பி ஒன்றாம் வகுப்பு, புளூ ஹவுஸ். அக்காவுக்குச் சின்னதாகிப் போனதைத் தம்பிக்குப் போட்டு ஒரு வருடம் ஓட்டிவிடலாம் என்ற கணக்கு அந்த ஜன்னலிலேயே அடிபட்டுவிட்டது. ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே கலரில் போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பள்ளியின் பெயரும் தைத்துக் கொடுத்தவரின் பெயரும் இங்கே வேண்டாம். வேனில் வரும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளின் உடையையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். துணியும் தையலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நெஞ்சில் இருக்கும் லோகோதான் வேறு. எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பதினொரு வருடமாக. யார் வீட்டுக்குப் போனாலும் கொடியில் காயும் துணியைத் திருப்பித் தையலைப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

எங்கள் பள்ளியில் புதனும் வெள்ளியும் பி.டி. டிரஸ். காலை 7.40-க்கு வேன் ஏறினால் சாயங்காலம் 4.40-க்குத்தான் இறங்குவார்கள். ஒன்பது மணி நேரம். அதில் பி.டி. பீரியட் நாற்பது நிமிடம், அதுவும் கணக்கு மிஸ் கேட்டு வாங்கிக்கொள்ளாத வாரத்தில்தான். "இன்னிக்கு பி.டி. இல்லம்மா, டேபிள்ஸ் ஒப்பிச்சோம்" என்று பாப்பா வந்து சொல்லும் நாட்களில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கத்தான் இந்த விளையாட்டு உடை என்று ஆகிறது. ஆகவே ஓடுவதற்கு எப்படி என்று மட்டும் பார்த்தால் போதாது. உட்கார, சாப்பிட, பாத்ரூம் போக, வேனில் தூங்க எப்படி என்று பார்க்க வேண்டும்.

முதலில் துணி. டி-ஷர்ட்டின் பக்கத் தையலில் மீந்திருந்த பிசிறை இழுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். இது சுருண்டு உருகி, மிளகை விடச் சின்னதாக ஒரு கறுப்பு மணியாக நின்றது. நகத்தால் நசுக்கினாலும் நசுங்கவில்லை. முழு பாலியஸ்டர். கழுத்தில் இருந்த லேபிளில் சைஸ் நம்பரைத் தவிர எதுவும் இல்லை, அதனால் பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. எதுவுமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாலியஸ்டர் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். பந்தாட்டக்காரர்கள் போடுவதும் அதுதான். ஆனால் அந்தத் துணி வேறு ரகம். வியர்வையை இழை வழியே வெளிப்பக்கம் இழுத்துப் பரப்பும், ஓடும்போது அடிக்கும் காற்றில் அது ஆவியாகும். எங்கள் டி-ஷர்ட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு நின்றது. முப்பது வரை எண்ணினேன், நின்றுகொண்டேதான் இருந்தது. பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தைத் தானாகவே பிடித்து வைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. நூறு பிள்ளைகள் இருக்கும் மாடியில், மின்விசிறிக்கு நேராக இடம் கிடைக்காதவள் முதுகில் வியர்வை எங்கே போகும்? பாப்பா கழுத்துக்குக் கீழே, காலர் பட்டி உரசும் இடத்தில், வரிசையாக வேர்க்குரு. புதன் ராத்திரி வரும், ஞாயிற்றுக்கிழமை அடங்கும். பாலியஸ்டரில் ஏறிய வியர்வை நாற்றமும் லேசில் போகாது. சோப்பு வாசனை இருக்கிற மாதிரி இருக்கும், உடம்புச் சூடு பட்டதும் பழைய வாசனை எழுந்து வந்துவிடும்.

அடுத்து டிராக் பேன்ட். ஒரு வருடம் போட்டு முட்டி கிழிந்த பிறகு, அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் பரிசோதனை லேப்பில் ரவுண்டு கட்டரால் ஒரு வில்லை வெட்டி எடை போட்டேன். 1.38 கிராம். நூறு வில்லை சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 138 கிராம், எங்கள் பாஷையில் 138 ஜி.எஸ்.எம். தோய்த்துத் தேய்ந்த துணி என்று பத்து கூட்டிக்கொண்டாலும், வெள்ளைக் கலரில் கால்சட்டைக்கு இது போதவே போதாது. உள்ளே போட்டிருப்பது வெளியே தெரியும். பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு ஷார்ட்ஸ் போட்டு அனுப்புகிறேன். மெல்லிய துணி காற்றோட்டமாக இருக்கும் என்று யாராவது சொன்னால், அந்தக் காற்றை இந்த இரண்டாவது அடுக்கு அடைத்துக்கொண்டது என்று பதில்.

நாடா விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. இடுப்பில் எலாஸ்டிக் பேருக்கு அரை அங்குலம், பிடித்து நிறுத்துவதெல்லாம் நாடாதான். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை தம்பி பாத்ரூமுக்கு ஓடியிருக்கிறான், காலையில் நான் சுருக்கு முடிச்சாகப் போட்டு அனுப்பியதை அவன் பாதி நாளில் இழுத்து இழுத்து இறுக்கு முடிச்சாக்கி வைத்திருந்தான். ஆறு வயது விரலுக்கு அது அவிழவில்லை. ஆயாம்மா வந்து பார்த்து, கத்தரிக்கோல் தேடிப்போய், நறுக்குவதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. சாயங்காலம் வேனில் இருந்து இறங்கியவன் யாரோ ஒரு பெரிய பையனின் காக்கி டிராயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏஞ்சாமி, என்னாச்சு?" என்றேன். வாயே திறக்கவில்லை. அக்காதான் சொன்னாள். அடுத்த புதன்கிழமை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நாங்கள் ஏற்றுமதிக்குத் தைக்கும் சின்னப் பிள்ளைகள் பீஸில் நாடாவுக்கு எத்தனை கெடுபிடி தெரியுமா? ஏழு வயதுக்குக் கீழே என்றால் ஐரோப்பிய விதிப்படி கழுத்திலும் சட்டையோடு சேர்ந்த தொப்பியிலும் கயிறே தொங்கக் கூடாது. இடுப்பில் வைத்தால் நீளத்துக்கு அளவு உண்டு, நடுவில் பார்டேக் என்கிற நெருக்கமான தையல் அடித்துப் பிடித்திருக்க வேண்டும். நான் செக்கிங் டேபிளில் இந்த அளவுக்காக எத்தனையோ பீஸை ரிஜெக்ட் பண்ணி மேஸ்திரியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மகன் முழங்கால் வரை நாடா தொங்க நிற்கிறான்.

பாக்கெட் கிடையாது. கர்ச்சீப்பை ஊக்கால் நெஞ்சில் குத்தி அனுப்பினால், குத்திய இடத்தில் இழை அறுந்து ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. சரி, அதை விடுங்கள்.

மத்தியானச் சாப்பாடும் இந்த வெள்ளைப் பேன்ட்டில்தான். சாம்பார் கொட்டிய இடத்தில் என் மாமியார் சோப்பைப் போட்டார், மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. "அய்யோ, சாயம் ஏறிப் போச்சே" என்று பதறினார். "சோப்பு பட்டா மஞ்சள் அப்படித்தானுங்க அத்தை செவக்கும், அலசி வெயில்ல போடுங்க" என்றேன். இரண்டு மத்தியான வெயிலில் கறை பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. மஞ்சளுக்கு வெயில்தான் எதிரி. செம்மண் கறைக்கு அப்படி எதுவும் இல்லை. மைதானத்தில் உட்கார்ந்து எழுந்த பின்புறம் ஆகஸ்ட் மாதமே பழுப்பேறிவிட்டது, அதோடுதான் வருடம் முழுக்கப் போனாள். செம்மண் மைதானம் உள்ள பள்ளிக்கு வெள்ளைப் பேன்ட் என்று முடிவு செய்தவர் வீட்டில் துவைப்பது வேறு யாரோ.

இவ்வளவு சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டால்கூட மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். செட் ஒன்று, போடுவது வாரத்தில் இரண்டு நாள் என்கிற நிலையில் இது பெரிய உபகாரம். அயர்ன் வேண்டாம். சிவப்புச் சாயம் ஒரு சொட்டு இறங்கவில்லை, வருடக் கடைசியிலும் வாங்கிய நாளின் சிவப்பு அப்படியே இருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் முக்கியம். டை இல்லை, பெல்ட் இல்லை, சட்டையைச் சொருகு என்று யாரும் கத்துவதில்லை. நாடாவை நான் உருவிப்போட்ட பிறகு தம்பி தானாகவே உடுத்திக்கொண்டு கிளம்பும் நாட்கள் இந்த இரண்டும்தான். என்னைக் கேட்டால் ஒன்று முதல் ஐந்து வரை வாரம் ஐந்து நாளும் இந்த மாதிரி உடையே போதும். பனியன் ஊரில் பிள்ளைகள் டை கட்டி வியர்த்துக்கொண்டு போவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் தெரியும். துணியை மட்டும் மாற்றுங்கள் என்கிறேன்.

சொல்வதோடு நிற்கவில்லை. தீபாவளி போனஸ் வந்ததும் காதர்பேட்டைத் துணிக் கடைகளுக்குப் போய் அரை கிலோ சிவப்புப் பருத்தித் துணியும், இன்டர்லாக் என்கிற தடித்த பின்னல் துணி வெள்ளையில் முக்கால் கிலோவும் எடுத்தேன். இன்டர்லாக் 220 ஜி.எஸ்.எம். இருக்கும், கையை உள்ளே விட்டால் விரல் தெரியாது. இரண்டு செட் போதும், மீந்த துணியை வீணாக்க மனசு வராமல் மூன்றாகிவிட்டது. பக்கத்து லைன் வீட்டில் ஓவர்லாக் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவுக்குத் தையல் கூலி செட்டுக்கு 60 ரூபாய். இடுப்பில் ஓர் அங்குல எலாஸ்டிக், நாடா இல்லை, வலது பக்கம் ஒரு பாக்கெட். எல்லாம் சேர்த்து மூன்று செட்டுக்கு 755 ரூபாய், ஒன்றுக்கு 250 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் சரக்கின் குறையையும் எழுதிவிடுகிறேன். சிவப்பு சாயம் விட்டது. முதல் அலசலில் பக்கெட் தண்ணீர் ரோஸ் மில்க் மாதிரி ஆனது, கூடக் கிடந்த வெள்ளைப் பேன்ட் ஒன்று இளஞ்சிவப்பானது. துணியை முன்னாடியே நனைத்துக் காயப்போடாமல் வெட்டியதால் டி-ஷர்ட் நீளத்தில் ஒன்றரை அங்குலம் ஏறி, பாப்பா கையைத் தூக்கினால் தொப்புள் தெரிந்தது. செக்கிங்கில் பதினொரு வருடம் குப்பை கொட்டியவள் செய்த வேலை இது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் காயவும் இல்லை. ஆனால் வேர்க்குரு வரவில்லை. அது ஒன்றுக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

பள்ளி மன்னிக்கவில்லை. மூன்றாவது வாரமே டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது, "முறையான பி.டி. உடையில் அனுப்பவும்" என்று. கிளாசில் வரிசையாக நிற்கும்போது ஷேடு மாறித் தெரிகிறதாம். ஷேடு மாறுவது எனக்குத் தெரியாதா? பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு டி-ஷர்ட்டையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனேன். கரஸ்பாண்டன்ட் மேஜையில் வைத்தே சொட்டு விட்டுக் காட்டினேன். ஒன்றில் உருண்டு நின்றது, ஒன்றில் உடனே இறங்கியது. எங்கள் கம்பெனியில் பிரிட்டன் பள்ளிகளுக்குப் போகும் போலோ டி-ஷர்ட்டை உதாரணம் சொன்னேன். அங்கே கொரோனாவுக்குப் பிறகு நிறைய பிரைமரி பள்ளிகளில் விளையாட்டு உள்ள நாளில் வீட்டிலிருந்தே அந்த உடையில் வந்துவிடுகிறார்கள். நாங்கள் அனுப்புவது 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி, சின்னச் சின்னக் கட்டமாகப் பின்னிய பிக்கே துணி. சாயம் நிற்கும், சுருங்காது, வியர்வையையும் கொஞ்சம் குடிக்கும். குளிர் தேசத்துக்கே அப்படி என்றால் நமக்கு அரைக்கு அரையாவது வேண்டாமா என்றேன். அவர் இரண்டையும் தடவிப் பார்த்தார். "மொத்தமா ஆர்டர் குடுத்தாச்சுங்களே, அடுத்த வருசம் பாக்கலாங்க" என்றார். பி.டி. சார் மட்டும் வெளியே வந்து, நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் போட்டால் தான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று ரகசியமாகச் சொன்னார். நல்ல மனுசன்.

ஆகவே, பள்ளியிலேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு: டி-ஷர்ட்டை ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், உடம்போடு ஒட்டாமல் இருந்தால் பாதி வேர்க்குரு குறையும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள். நாடாவை முதல் நாளே உருவிவிட்டு எலாஸ்டிக் போடுங்கள். டிராக் பேன்ட்டின் உள் தொடைத் தையலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், எங்களுக்கு வந்த இரண்டில் ஒன்றில் அங்குலத்துக்கு ஏழு தையல்தான் விழுந்திருந்தது, வீட்டில் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. துவைக்கும்போது கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் நாற்றம் மட்டுப்படும். ஐந்துக்கு எத்தனை மார்க் என்றால் டி-ஷர்ட்டுக்கு இரண்டரை, பேன்ட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றும் மழைக்காலத்தில் காய்ந்ததற்காக.

இந்த ஜூனுக்கு மறுபடி பணம் கட்டிவிட்டேன், துணி மாறவில்லை. சனிக்கிழமை வகுப்பு வைத்தால் பி.டி. டிரஸ் கட்டாயமில்லை, ஏதாவது டி-ஷர்ட் போதும் என்பதால் நான் தைத்தது அன்றைக்கு ஓடுகிறது. அக்காவுக்கு மட்டும் பாக்கெட்டா என்று தம்பி தினமும் கேட்கிறான். நீலத் துணி இன்னும் எடுக்கவில்லை. இந்த முறை காதர்பேட்டைக்கு ஓர் ஈரக் கர்ச்சீப்போடு போவேன், கடைக்காரர் முறைத்தாலும் சாயம் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்த்துத்தான் எடுப்பேன்.