கருவில் பட்ட சூடு: இளஞ்சூடா, கொதிசூடா?

ஊசியிலை மரங்களில் சில, விதைக்குள் கருவாக இருந்தபோது பட்ட வெப்பத்தைக் கன்றான பிறகும் மறப்பதில்லை. டி.என்.ஏ. எழுத்துகள் அப்படியே இருக்கும். எந்த மரபணு எப்போது வேலை செய்வது என்ற ஏற்பாடு மட்டும் மாறும். இதைத்தான் எபிஜெனெடிக் நினைவு என்கிறார்கள். இந்த நினைவை ஆராய இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நார்வே ஆய்வாளர்கள் ஸ்புரூஸ் மரத்தில் கையாண்ட இளஞ்சூடு. கரு உருவாகி முதிரும் வாரங்கள் முழுக்க அந்தக் கருவைக் குடுவையில் 18, 23 அல்லது 28 டிகிரியில் வளர்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: வெதுவெதுப்பில் வளர்ந்த கருக்களின் கன்றுகள், அந்த ஆண்டின் வளர்ச்சியை முடித்துவைக்கும் நுனிமொட்டைத் தாமதமாகக் கட்டின. 4 முதல் 6 பாகை அட்சரேகை தெற்கே இருக்கும் காட்டு விதையிலிருந்து வந்தவை போல நடந்துகொண்டன.

விதைத் தோட்டத்தில் மட்டும் இதைப் பார்த்திருந்தால், ‘வெயிலில் வேறு மகரந்தம் ஜெயித்திருக்கும், மரபே மாறியிருக்கும்’ என்று யாராவது மடக்கியிருப்பார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் குடுவையில் வளர்ந்தவை ஒரே விதையிலிருந்து பெருக்கிய நகல் கருக்கள். மரபு ஒன்றேதான், வெப்பம்தான் வேறு. அதோடு அந்த வாதம் அடங்கியது.

இரண்டாவது, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ரேடியாட்டா பைனில் செய்த கொதிசூடு. கரு வளர்ப்பைத் தொடங்கும் கட்டத்தில் 40 டிகிரியில் 4 மணி நேரம், 50-இல் அரை மணி, 60-இல் 5 நிமிடம். அப்புறம் வழக்கமான வளர்ப்பு. சூடு பட்ட திசுவிலிருந்து வந்த கன்றுகள் வறட்சியை எப்படித் தாங்குகின்றன என்றும், டி.என்.ஏ.வில் ஒட்டி மரபணுவின் வேலையை மாற்றக்கூடிய மெத்தில் குறிகள் எப்படி மாறுகின்றன என்றும் பார்த்தார்கள். வேலை சீக்கிரம் முடியும், வறட்சிக்கு நாற்று தயாரிப்பவருக்கு ஆசையும் காட்டும். ஆனால் மொத்த மெத்தில் அளவை மட்டும் சொல்வது, ஊரில் பெய்த மழையைச் சொல்லிவிட்டு எந்த வயல் நனைந்தது என்று சொல்லாமல் விடுவது போல. ஸ்புரூஸ் மரபுத்தொகுதியே சுமார் 2,000 கோடி எழுத்து, மனிதனுடையதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அதில் வயலைத் தேடுவது லேசான வேலையா?

என் ஓட்டு இளஞ்சூட்டுக்கே. மரத்தில் தொங்கும் கூம்பு 60 டிகிரியைப் பார்க்கப் போவதில்லை; வழக்கத்தைவிடச் சூடான ஒரு கோடையைக் கட்டாயம் பார்க்கும். அந்த ஆண்டு விதையை எடுத்து வடக்கே நட்டால், கன்று இலையுதிர்காலத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும்போது முதல் உறைபனி வந்து நுனியைக் கருக்கிவிடலாம்.