மதுரையில் ஒரு 90 விநாடிப் பரிசோதனை

டொராண்டோவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனது முக்கியமாகத் தங்கைக்காக. அவளுக்குச் சில ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் நோய். வங்கி வேலை. நடையில் பெரிய குறையில்லை, மங்கிய பார்வையும் தெளிந்துவிட்டது. ஆனால் கவுன்ட்டரில் கணக்கு முடிக்க மற்றவர்களைவிட நேரமாகிறது. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் தடுமாறுகிறாள். "மெத்தனம் வந்துவிட்டது" என்று வீட்டிலேயே பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் போன மருத்துவமனையில் டோக்கன், எம்.ஆர்.ஐ. எல்லாம் மளமளவென்று முடிந்தன. மருத்துவர் நடக்கச் சொன்னார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். இந்தத் தடுமாற்றத்தைப் பற்றிச் சொன்னதும், இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். அவள் ஒன்றுகூடத் தவறவில்லை. "ஒரு குறையும் இல்லை" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கேள்விகள் முதியோரின் மறதி நோயைக் கண்டுபிடிக்க வந்தவை. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிந்தனைத் திறன் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது வேகம். அதை அளக்காமல் குறையில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

விசாரித்து, வேறோர் இடத்தில் மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் போனோம். காத்திருந்து சோர்ந்திருந்த தங்கையைப் பார்த்ததும் அன்று பரிசோதிக்க மறுத்துவிட்டார். களைப்பும் வெயிலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும், காலையில் வாருங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் கண்பார்வை, தூக்கம், மனச்சோர்வு, மாத்திரைகள் எல்லாம் விசாரித்த பிறகே எஸ்.டி.எம்.டி. (Symbol Digit Modalities Test) என்ற பரிசோதனைத் தாளை எடுத்தார். மேலே ஒன்பது குறிகள், அவற்றின் அடியில் 1 முதல் 9 வரை எண்கள். கீழே வரிசை வரிசையாகக் குறிகள் மட்டும். குறிக்குரிய எண்ணை 90 விநாடிக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வாயால் சொன்னால் போதும் என்பதால் கை நடுங்குபவர்களும் செய்யலாம். தங்கை ஓர் எண்ணையும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு குறிக்கும் அவள் கண் மேலே போய்த் தேடிவிட்டுத்தான் இறங்கியது. நேரம் முடிந்தபோது மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

"தெரியாமல் இல்லை அக்கா, வேகம்தான் வரவில்லை" என்றாள்.

அவள் வயதுக்கும் படிப்புக்கும் அது குறைவு என்றார் உளவியலாளர். அடுத்த ஆண்டு நான்கு புள்ளி குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். நோய் தெரிந்ததும் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் இப்படிப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் 2018இல் ஏற்ற பரிந்துரை. ஒரு தாளும் ஒரு கடிகாரமும் போதும் இந்த வேலைக்கு. நம் ஊர் நரம்பியல் பிரிவுகளில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையை அப்பாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் குறிப்பிட்டே இடம்பெற்றிருக்கிறது. அதைச் சுட்டி, கவுன்ட்டரிலிருந்து மாற்றம் கேட்டுத் தங்கை விண்ணப்பித்திருக்கிறாள்.