மலை ஈட்டியா, மோரோ ஈட்டியா?

பழைய பிலிப்பைன்ஸ் ஈட்டி முனை கைக்கு வந்தால் முதலில் முட்களைத்தான் பார்க்கிறோம். பின்னோக்கி வளைந்த முள் இருந்தால் போதும், 'தலை வேட்டைக்காரர் ஈட்டி' என்று விலை ஏறிவிடும். நான் முள்ளை நம்புவதில்லை. அலகுக்குக் கீழே, முனை காம்போடு சேரும் கழுத்தைத்தான் பார்ப்பேன்.

போட்டி பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவில். வடக்கே லூசோன் தீவின் கார்டில்லெரா மலைகளில் வாழும் போந்தோக், இஃபுகாவ், கலிங்கா மக்கள். வெளியார் மொத்தமாக இகோரோட் என்பார்கள். தெற்கே மிண்டனாவோ, சூலு பகுதிகளின் மோரோ முஸ்லிம்கள்.

போந்தோக் மக்கள் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் ஆல்பர்ட் ஜெங்க்ஸ் 1905-இல் வெளியிட்ட நூலில் பல வகை ஈட்டிகளின் பெயர்கள் இருக்கின்றன. வரிசையாக முட்கள் வைத்தது சினலாவிதன். முள்ளே இல்லாதது ஃபங்காவ். ஆக, ஒரே ஊரில் இரண்டும் உண்டு. முள் இல்லை என்பதால் அது தெற்கத்தியது ஆகிவிடாது. தெற்கிலும் ஈட்டிக்கு பங்காவ் என்று கிட்டத்தட்ட அதே பெயர்தான். குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா?

சரி, கழுத்துக்கு வருவோம். போந்தோக் முனையின் அடியில் குட்டையான வால் இருக்கும். அதை மரக்காம்புக்குள் செருகி, காம்பு பிளக்காமல் இருக்க இரும்புப் பூணோ பின்னிய பிரம்புப் பூணோ போடுவார்கள். பிரம்புப் பின்னல் இன்னும் ஒட்டியிருந்தால் எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். காம்பின் அடியில் கூம்பான இரும்புக் குப்பியும் இருக்கும். வேலை செய்யும்போது பக்கத்து மண்ணில் குத்தி வைக்க, செங்குத்தான பாதையில் ஊன்றுகோலாகப் பிடிக்க அது உதவியது. குப்பியின் நுனி மழுங்கித் தேய்ந்திருந்தால் நடந்த ஈட்டி என்று அர்த்தம். புதுசாகச் செய்து விற்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

மோரோ முனையிலும் வால்தான், ஆனால் தோரணை வேறு. நீண்ட இலை வடிவ அலகு, சில நேரம் கிரிஸ் கத்தியைப் போல அலையலையான விளிம்பு. அலகின் அடியில் செதுக்கு வேலை, பூண் பித்தளையிலோ வெள்ளியிலோ. நல்ல துண்டில் இரும்பை அடுக்கி அடித்த ரேகைகளும் தெரியும். ஜாவா, மலாய் ஈட்டிகளிலும் இதெல்லாம் உண்டு என்பதால் மோரோ என்று உறுதி சொல்வதுதான் கடினம். அந்த இடத்தில் நான் அவசரப்பட மாட்டேன்.

அப்புறம், ஈட்டி யார் கை வழியாக வந்தது என்ற பூர்வீகக் கதை. 1898-இல் பிலிப்பைன்ஸ் அமெரிக்கா கைக்குப் போன பிறகு அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்களும், 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியும் இத்தகைய பொருட்களை அமெரிக்காவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். காம்பில் பழைய காகிதச் சீட்டு இருந்தால் கழற்றவே கழற்றாதீர்கள்.

பிலிப்பைன்ஸ் என்று சொல்லி விற்கும் முனையில் வாலுக்குப் பதிலாக, தகட்டைச் சுருட்டி இடைவெளி தெரிய விட்ட குழாய் இருந்தால், நான் முதலில் ஆப்பிரிக்காவைத்தான் சந்தேகிப்பேன்.